பாக்கியைத் தர்மமாகக் கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

சமூக நீதி, மனித உரிமை குறித்துக் கிறிஸ்தவ வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் எட்டு இங்கே. சில கேள்விகளின் விஷயத்தைக் கருதி, கேட்டவர்கள் யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: ‘சமூக நீதி’ என்ற சொல்லே வேதாகமத்தில் கிடையாது. அரசியல்வாதிகளின் சொல்லைச் சபைக்குள் ஏன் இழுத்து வருகிறீர்கள்?

பதில்: கிடையாதுதான். ‘திரித்துவம்’ என்ற சொல்லும் அதில் கிடையாது. ‘சமூக நீதி’யை 1840களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் லூயிஜி தப்பரெல்லி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு. 1931இல் போப் 11ஆம் பயஸ் தம் சுற்றுமடலில் அதைப் பயன்படுத்திய பிறகு கத்தோலிக்கப் போதனையில் அது நிலைத்த சொல்லாகிவிட்டது. கட்சி மேடைகள் பிறகுதான் எடுத்துக்கொண்டன.

சொல்லை விடுங்கள், பொருளைப் பார்ப்போம். பழைய ஏற்பாட்டில் ‘மிஷ்பாத்’, ‘ட்செதாக்கா’ என்ற இரண்டு எபிரெயச் சொற்கள் இரட்டையர் போலச் சேர்ந்தே வரும். நம் பழைய மொழிபெயர்ப்பு முதலாவதைப் பெரும்பாலும் ‘நியாயம்’ என்றும் இரண்டாவதை ‘நீதி’ என்றும் சொல்கிறது. “நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது” (ஆமோஸ் 5:24) என்பதில் இரண்டும் உண்டு. மிஷ்பாத் என்பது வழக்குத் தீர்ப்பு, அவரவருக்குச் சேரவேண்டியது அவரவருக்குக் கிடைப்பது. அதனால்தான் அதே அதிகாரத்தில் ஆமோஸ் “ஒலிமுகவாசலில் நியாயத்தை நிலைப்படுத்துங்கள்” என்கிறார். ஊர் வாசல்தான் அன்றைய நீதிமன்றம். அவர் அடுக்கும் குற்றங்களும் மனதுக்குள் நடப்பவை இல்லை. படியைச் சிறிதாக்குவது, எடைக்கல்லைப் பெரிதாக்குவது, கள்ளத் தராசு, பதரைத் தானியமென்று விற்பது (8:5-6) என்று எல்லாமே கடைத்தெருக் குற்றங்கள்.

புதிய ஏற்பாட்டில் சிக்கல் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. ‘டிகையோசுனே’ என்ற ஒரே கிரேக்கச் சொல் தனிமனித ஒழுக்கத்தையும் சமூக நீதியையும் சேர்த்தே குறிக்கும். கத்தோலிக்கரின் திருவிவிலியம் மத்தேயு 5:6இல் அதை ‘நீதிநிலைநாட்டும் வேட்கை’ என்றும், 6:33இல் ‘அவருக்கு ஏற்புடையவை’ என்றும் பெயர்க்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்திலும் ‘நீதி’தான். ‘நீதிமான்’ என்றவுடன் கண்ணை மூடி ஜெபிக்கிறவர் மட்டும் நினைவுக்கு வந்தால் அது நம் வாசிப்புப் பழக்கம். வேதப்பாடக் குழுவில் இந்த இரண்டு மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்து வாசித்துப் பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் ஆலயத்தைச் சுத்தம் செய்பவருக்கும் காவலாளிக்கும் சம்பளம் குறைவுதான். ஆனால் பண்டிகைக்குப் புத்தாடை, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், மருத்துவச் செலவுக்கு ஏழைகள் நிதியிலிருந்து உதவி என்று தாராளமாகவே செய்கிறோம். இது போதாதா? (சபைக் குழுச் செயலர் ஒருவர்)

பதில்: போதாது. தாராளமாகச் செய்வதாலேயே இதில் ஒரு கோளாறு இருக்கிறது. சேரவேண்டிய கூலியைக் குறைத்து, குறைத்த தொகையில் ஒரு பகுதியை அன்பளிப்பாகத் திருப்பித் தருகிறீர்கள். வாங்குபவர் நன்றி சொல்லவும் வேண்டியிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட பொதுநிலையினர் பணி பற்றிய ஆணை (8ஆம் பத்தி) இதை நேராகவே தொடுகிறது: நீதிப்படி தரவேண்டியதை அன்புக் கொடையாகக் காட்டிவிடக்கூடாது, முதலில் நீதியின் கணக்கு தீரவேண்டும். போப் பெரிய கிரகோரியார் 6ஆம் நூற்றாண்டிலேயே, இல்லாதவருக்குத் தேவையானதைக் கொடுக்கும்போது நாம் இரக்கம் காட்டவில்லை, கடனைத்தான் அடைக்கிறோம் என்று எழுதினார்.

வேதத்தின் கூலிச் சட்டத்தில் கால அளவும் உண்டு. உபாகமம் 24:15 பொழுது போகுமுன் கொடுக்கச் சொல்கிறது. லேவியராகமம் 19:13 விடியும்வரை வைத்துக்கொள்ளாதே என்கிறது. அன்றன்றைய கூலியில்தான் அன்றிரவு அடுப்பு எரியும் என்பதே காரணம். யாக்கோபு 5:4இல் கூக்குரலிடுவது முதலில் தொழிலாளி கூட இல்லை, பிடித்துவைத்த கூலி. ‘அவர் சம்மதித்துத்தானே வேலைக்கு வந்தார்’ என்று குழுவில் யாராவது சொல்வார்கள். 1891 மே 15ஆம் தேதியிட்ட சுற்றுமடலில் போப் 13ஆம் லியோ இதற்குப் பதில் வைத்திருக்கிறார்: இன்னும் மோசமானது வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒருவர் குறைந்த கூலிக்குச் சம்மதித்தால் அது சம்மதம் ஆகாது, சிக்கனமாக வாழும் தொழிலாளிக்குப் போதாத கூலி, ஒப்பந்தம் இருந்தாலும் அநீதியே.

செய்யவேண்டியது இது. முதலில் ஒரு தாளில் சபைக்காக உழைக்கும் எல்லாருடைய பெயரையும் எழுதுங்கள். சமையல் செய்பவர், ஓட்டுநர், பாலர் பள்ளி உதவியாளர், கல்லறைத் தோட்டக்காரர் ஆகியோரை மறக்கவேண்டாம். பட்டியலில் விட்டுப்போவது வழக்கமாக இவர்கள்தான். ஒவ்வொருவருக்கும் நேரே உண்மையான வேலை நேரம், வார ஓய்வு, சம்பள நாள், பிடித்தம் என்று நான்கு கட்டம். வேலை நேரத்தை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். போதகர் வீட்டுக் கார் கழுவியது, குழு உறுப்பினர் வீட்டு விசேஷத்துக்குப் பாத்திரம் தேய்த்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பிறகு உங்கள் ஊரில் ஒரு குடும்பத்தின் மாத வாடகை, சாப்பாடு, பள்ளி, மருந்து, போக்குவரத்தைக் கூட்டிப் பாருங்கள். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி தரைமட்டம்; இந்தக் கூட்டுத்தொகைதான் இலக்கு. சட்டத்துக்குக் கீழே இருந்தால் இந்த மாதமே சரிசெய்யவேண்டும், அதில் பேச்சே இல்லை. அதற்கு மேலுள்ள இடைவெளியை ஒரே மூச்சில் அடைக்க முடியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தவணையாக ஏற்றுவதென்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஒரு நகலை அவரிடமே கொடுங்கள்.

பணம் எங்கிருந்து? கோபுரத்துக்குப் புதிய வண்ணம், புதிய ஒலிபெருக்கி ஆகியவற்றிலிருந்து. ஏழைகள் நிதியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். எடுத்தால் கூலி மறுபடியும் தர்மமாகிவிடும். இந்த முயற்சி எங்கே முறியும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ‘இது வேலையில்லை, ஊழியம்’ என்ற ஒற்றை வரியில் முறியும். குழு உறுப்பினர் தனிப்பட்ட முறையில் கொடுத்த முன்பணம், வேலையை விட்டுப் போகவிடாத கட்டாக மாறும்போது முறியும். புத்தாடையைக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் சம்பளத்தில் கழிக்காமல், படம் எடுக்காமல்.

கேள்வி: அடிமைமுறையை வேதாகமம் ஒழிக்கவில்லை. “வேலைக்காரரே, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள்” என்று பவுல் எழுதினார். அப்புறம் மனித உரிமைக்குக் கிறிஸ்தவமே அஸ்திவாரம் என்று எந்த முகத்தோடு சொல்கிறீர்கள்? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: ‘கிறிஸ்தவமே’ என்பதில் உள்ள ஏகாரத்தை எடுத்துவிட்டால்தான் நேர்மையாகப் பேச முடியும். இரண்டு பக்கமும் சாட்சி இருக்கிறது.

வசனங்களிலிருந்து தொடங்குவோம். எபேசியர் 6:5 அடிமைகளைக் கீழ்ப்படியச் சொல்கிறது, உண்மை. ஆளைத் திருடி விற்பவனுக்கு மரண தண்டனை (யாத்திராகமம் 21:16), தப்பி வந்த அடிமையை எஜமானிடம் திருப்பி ஒப்படைக்காதே (உபாகமம் 23:15) என்பவையும் அதே வேதத்தில் உள்ளன. பிந்தைய விதி பழங்கால அண்டை நாட்டுச் சட்டங்களுக்கு நேர் எதிர். தப்பிய அடிமைக்கு இடம் கொடுத்தவனுக்கே பாபிலோன் மன்னன் ஹமுராபியின் சட்டத்தில் மரண தண்டனை. பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தில் ஒநேசிமுவை இனி அடிமையாக இல்லாமல் “பிரியமுள்ள சகோதரனாக” ஏற்றுக்கொள் என்கிறார் பவுல். அதே கடிதத்தை, தப்பிய அடிமையை அப்போஸ்தலரே திருப்பி அனுப்பினார் பார் என்று அமெரிக்கத் தோட்ட முதலாளிகளின் போதகர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

4ஆம் நூற்றாண்டில் நிஸ்ஸா ஆயர் கிரகோரி, பிரசங்கி புத்தகத்தைப் பற்றிய மறையுரையில், கடவுளின் சாயலுக்கு எத்தனை காசு விலை போட்டாய் என்று அடிமைகளை வாங்கியவர்களைக் கேட்டார். ஆயிரம் ஆண்டு கழித்து, 1452இல், போப் 5ஆம் நிக்கோலாஸ் கிறிஸ்தவர் அல்லாதவரைப் பிடித்து நிரந்தர அடிமைகளாக்கும் உரிமையைப் போர்த்துகீசிய மன்னருக்கு எழுதிக் கொடுத்தார். 1537இல் போப் 3ஆம் பவுல், அமெரிக்கப் பழங்குடிகளின் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக்கூடாது என்று ஆணையிட்டார். அவர்களுக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடிய துறவி லாஸ் காசாஸ்கூட, ஆரம்பத்தில் அவர்களுக்குப் பதிலாக ஆப்பிரிக்கரைக் கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னவர். பின்னால் அதற்காக வருந்தி எழுதினார். நல்லவர்கள் பக்கம், கெட்டவர்கள் பக்கம் என்று ஒரு கோடு கிழிக்க இந்த வரலாறு இடம் தராது.

காலத்தையும் கவனியுங்கள். பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் குவேக்கர் சபையைச் சேர்ந்த நான்கு பேர் அடிமைமுறைக்கு எதிராக எழுத்து மூலம் மனுக் கொடுத்தது 1688இல். பிலடெல்பியாவில் குவேக்கர்களின் ஆண்டுக் கூட்டம் உறுப்பினர்கள் அடிமை வைத்திருக்கக்கூடாது என்று தடை போட்டது 1776இல். மனசாட்சிக்குப் பேர்போன குவேக்கர்களுக்கே 88 ஆண்டு பிடித்தது. காரணம் வசனம் புரியாதது இல்லை, சபையின் வசதியான குடும்பங்கள் அடிமை வைத்திருந்ததே. லண்டனில் 1807இல் மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமம் அச்சானது. எகிப்திலிருந்து விடுதலையான கதை அதில் இல்லை. எபேசியர் 6:5 பத்திரமாக இருந்தது. ஆக, எந்த வசனம் ஆபத்து என்று அச்சிட்டவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது!

அதே 1807இல்தான் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது. அதற்காக உழைத்த வில்பர்ஃபோர்ஸைப் பற்றி ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பீர்கள். 1833இல் அடிமைமுறையையே ஒழித்த சட்டம் 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அது போனது எஜமான்களுக்கு. உழைத்தவர்களுக்கு ஒரு பென்னி இல்லை. பார்படோஸில் காட்ரிங்டன் தோட்டங்களை நடத்திய ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கமும் 411 பேருக்காக 8,823 பவுண்டு வாங்கிக்கொண்டது. இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை இதற்கு மன்னிப்புக் கேட்டது 2006இல். கணக்கைத் தீர்த்தார்கள், ஆனால் ஆளை மாற்றித் தீர்த்தார்கள். பிரசங்கங்களில் வில்பர்ஃபோர்ஸ் வரும்போது இந்த எண்ணும் கூடவே வந்தால் நல்லது.

கேள்வி: 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனம் கிறிஸ்தவ ஆவணமா, மதச்சார்பற்ற ஆவணமா?

பதில்: இரண்டும் இல்லை. வரைந்தவர்களில் லெபனானின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் சார்லஸ் மாலிக், சீனத்தின் பி.சி. சாங் எல்லாரும் இருந்தார்கள். முதல் பிரிவில் ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படக்கூடிய சொல்லை ‘எல்லா மனிதரும்’ என்று மாற்றவைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. மதம் மாறும் சுதந்திரம் 18ஆம் பிரிவில் இடம்பெற மாலிக் வாதாடினார். யுனெஸ்கோ கூட்டம் ஒன்றில், ‘பட்டியலை எல்லாரும் ஒப்புக்கொள்கிறோம், ஏன் என்று மட்டும் கேட்காதவரை’ என்று சொல்லப்பட்டதாகக் கத்தோலிக்கத் தத்துவவாதி ஜாக் மரித்தேன் எழுதினார். டிசம்பர் 10 அன்று 48 நாடுகள் ஆதரித்தன, 8 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன, எதிர்த்து ஓட்டில்லை.

கிறிஸ்தவர் சொல்லும் காரணம், மனிதர் கடவுளின் சாயல் (ஆதியாகமம் 1:27) என்பது. ஆனால் அந்தக் காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டே 1864இல் போப் 9ஆம் பயஸ் மதச் சுதந்திரத்தைப் பிழைகளின் பட்டியலில் சேர்த்தார். கத்தோலிக்கத் திருச்சபை அதை மனித மாண்பின் உரிமையாக ஏற்றது 1965 டிசம்பர் 7இல். பிரகடனம் அதைவிட 17 ஆண்டு மூத்தது.

கேள்வி: ரோமர் 13இன்படி அரசுக்கு எதிராகப் போராடுவது பாவம் என்கிறார் எங்கள் போதகர். சரியா?

பதில்: ரோமர் 13ஐ எழுதியவர் எப்படி நடந்துகொண்டார் என்று பாருங்கள். பிலிப்பியில் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள், மறுநாள் காலை சத்தமில்லாமல் போய்விடச் சொன்னபோது பவுல் நகரவில்லை. “அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்துவிடட்டும்” என்றார் (அப்போஸ்தலர் 16:37). எருசலேமில் சாட்டையடிக்கு முன் ரோமக் குடியுரிமையைச் சொன்னார். செசரியாவில் இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, மேல்முறையீடு செய்தார். இன்றைய மொழியில் சட்டப்படியான உரிமையைக் கேட்டு வாங்கினார்.

ரோமர் 13ஆம் அதிகாரத்தையும் முழுதாக வாசிக்கவேண்டும். நாலாம் வசனம் அதிகாரி எதற்கு என்று சொல்கிறது: “உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு”. ஏழாம் வசனம், யாவருக்கும் செலுத்தவேண்டிய கடமைகளைச் செலுத்தச் சொல்கிறது. வரியும் மரியாதையும் அரசுக்குக் கடன் என்றால், நியாயம் குடிமகனுக்குக் கடன். நிறவெறிக் காலத் தென்னாப்பிரிக்காவில் ரோமர் 13தான் அரசின் செல்ல வேதப்பகுதி. 1985இல் அந்நாட்டு இறையியலாளர்கள் வெளியிட்ட கைரோஸ் ஆவணம் இந்த வாசிப்புக்கு ‘அரச இறையியல்’ என்று பெயர் வைத்தது. அதற்கு முன், 1934இல் ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் சபையினர் சிலர் வெளியிட்ட பார்மென் அறிக்கை, அரசு மனித வாழ்க்கை முழுவதையும் கைப்பற்ற உரிமையில்லை என்று ஹிட்லர் காலத்திலேயே சொன்னது. ஆனால் அதில் யூதர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சபையின் சுதந்திரத்துக்காகத் துணிந்து எழுதியவர்களுக்கு அண்டை வீட்டார் நினைவுக்கு வரவில்லை!

போராடுவதற்கும் ஒழுங்கு உண்டு. 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் மார்ட்டின் லூதர் கிங் நான்கு படி சொன்னார்: தகவல் திரட்டல், பேச்சுவார்த்தை, தன்னைத் தயார்செய்தல், பிறகே நேரடி நடவடிக்கை. பெரும்பாலும் முதலும் மூன்றாவதும்தான் தாண்டப்படுகின்றன. தேதி, இடம், பாதிக்கப்பட்டோர், மீறப்பட்ட விதி ஆகிய நான்கும் இல்லாத குற்றச்சாட்டு பேச்சுவார்த்தை மேசையில் ஐந்து நிமிடம் தாங்காது. பேச்சுவார்த்தையில் கிடைக்கும் வாக்குறுதியை எழுத்தில், காலக்கெடுவோடு வாங்குங்கள்; பர்மிங்ஹாம் கடைக்காரர்கள் அவமதிப்புப் பலகைகளை எடுப்பதாக வாய்மொழியாகச் சொன்னது நிற்கவில்லை. மூன்றாவது படியில், அடித்தால் திருப்பி அடிக்காமல் இருக்க முடியுமா, சிறையைத் தாங்க முடியுமா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். முடியாதவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள். உணவு, வாகனம், வழக்கறிஞர் தொடர்பு எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும்.

கேள்வி: எங்கள் சபையில் பொறுப்பில் உள்ள ஒருவர்மீது ஒரு சிறுமி பாலியல் புகார் சொல்லியிருக்கிறாள். “மத்தேயு 18இன்படி முதலில் தனியாகப் பேசித் தீர்க்கவேண்டும், வெளியே போனால் சபையின் நற்சாட்சி கெடும்” என்கிறார்கள் மூப்பர்கள். நான் என்ன செய்யவேண்டும்? (ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர்)

பதில்: இன்றே காவல்துறைக்கோ குழந்தைகள் பாதுகாப்பு அமைப்புக்கோ தெரிவியுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மத்தேயு 18:15 சகோதரனுக்கும் சகோதரனுக்கும் இடையிலான மனத்தாங்கலுக்கு வழி சொல்கிறது. ஒரு சிறுமியை அவளுக்குத் தீங்கு செய்தவர் முன்னால் தனியாக நிறுத்த அதில் இடமில்லை. அதே அதிகாரம் ஆறாம் வசனத்தில், சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டுவது பற்றிப் பேசுகிறது. மூப்பர்களிடம் அங்கிருந்து தொடங்கி வாசிக்கச் சொல்லுங்கள். ‘இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும்’ என்று 1 தீமோத்தேயு 5:19ஐயும் காட்டுவார்கள். அது மூப்பர்மீது சபை எடுக்கும் நடவடிக்கைக்கான விதி. குற்றத்தை விசாரிப்பது அரசின் வேலை. சாட்சி தேடுவதும் அவர்கள் வேலைதான்.

சிறுமியிடம் குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். “அவர் இங்கே தொட்டாரா?” என்று நீங்களே வார்த்தையை எடுத்துக் கொடுத்தால் பின்னால் வழக்கே பலவீனமாகும். அவள் சொல்வதைக் கேளுங்கள். சொன்னது நல்லது, தப்பு உன்னுடையது இல்லை என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. அன்றைக்கே அவள் பயன்படுத்திய சொற்களிலேயே எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுங்கள். உங்கள் ஊகத்தை அதில் கலக்கவேண்டாம். உடை, கைபேசிச் செய்தி எதையும் அழிக்கவோ துவைக்கவோ கூடாது. சம்பவம் அண்மையில் நடந்ததென்றால் மருத்துவப் பரிசோதனை மணிக்கணக்கில் தாமதமானாலும் தடயம் போய்விடலாம். குற்றம் சாட்டப்பட்டவருக்கு முன்கூட்டித் தகவல் போகக்கூடாது. ‘அவர் தரப்பையும் கேட்டுவிடலாமே’ என்ற நல்லெண்ணத்தில்தான் பல வழக்குகளில் தடயமும் சாட்சியும் கலைகின்றன. விசாரணை முடியும்வரை அவர் எல்லாப் பொறுப்பிலிருந்தும் விலகியிருக்கவேண்டும். அது தண்டனை ஆகாது, மற்ற பிள்ளைகளுக்கான காப்பு. விலகலைச் சபையில் அறிவிக்கும்போது சிறுமியை அடையாளம் காட்டும் ஒரு சொல்லும் வரக்கூடாது.

கத்தோலிக்க வாசகர்களுக்கு: இத்தகைய புகாரை மேலதிகாரியிடம் தெரிவிப்பது குருக்களுக்கும் துறவியருக்கும் கட்டாயம் என்று 2019 மே மாதம் போப் பிரான்சிஸ் விதித்தார். நாட்டுச் சட்டப்படியான கடமை அதனால் குறையாது என்றும் அந்த விதி சொல்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் இந்த வழக்குகளுக்கு ‘போப்பின் இரகசியம்’ என்ற பூட்டும் நீக்கப்பட்டது.

சாட்சி கெடும் என்கிற கவலைக்கு ஒரு வார்த்தை. சபைக்குச் சாட்சி உண்டென்றால் அதில் முதல் உரிமை அந்தச் சிறுமிக்குத்தான்.

கேள்வி: விடுதலை இறையியல் மார்க்சியம்தானே? சபையில் ஒரு சிறு குழு தொடங்க நினைக்கிறோம், அந்தப் பெயர் வந்தாலே எதிர்ப்பு.

பதில்: பெயரை விட்டுவிட்டு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1968இல் கொலம்பியாவின் மெதெயீனில் கூடிய லத்தீன் அமெரிக்க ஆயர்களும் 1971இல் பெரு நாட்டுக் குரு குஸ்தாவோ குத்தியரஸ் எழுதிய நூலும், ஏழைகளின் விடுதலையை மையமாக வைத்த அந்த இறையியலுக்கு முகம் கொடுத்தன. 1984இல் வத்திக்கான் அதன் சில வடிவங்களில் மார்க்சியப் பகுப்பாய்வை அப்படியே ஏற்றதைக் கண்டித்தது. 1986இல் இரண்டாவது அறிவுரையில் விடுதலை என்ற கருத்தைத் தன் நோக்கில் ஏற்று விளக்கியது. எல் சால்வடாரில் ஏழைகளுக்காகக் குரல் கொடுத்து, 1980இல் பலிபீடத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட பேராயர் ரொமேரோ 2018இல் புனிதராக்கப்பட்டார். எதிர்ப்பவரிடம் இவை எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.

உங்கள் குழுவுக்கு ஏற்ற முறை அதற்கும் மூத்தது: பார், தீர்மானி, செயல்படு. பெல்ஜியத்தின் ஜோசப் கார்தைன் இளம் தொழிலாளர் இயக்கத்துக்காக உருவாக்கியது. 1961இல் போப் 23ஆம் ஜானின் சுற்றுமடலில் இடம்பெற்றது. எட்டிலிருந்து பன்னிரண்டு பேர், ஒன்றரை மணி நேரம், ஒரே பிரச்சினை. நாற்பது நிமிடம் ‘பார்’: வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு வார விடுப்பு இல்லை என்றால் எத்தனை வீட்டில், எத்தனை பேருக்கு, அவர்களே என்ன சொல்கிறார்கள்? வசனம் இந்தக் கட்டத்தில் வரக்கூடாது. வந்தால் பார்ப்பது நின்று பிரசங்கம் தொடங்கிவிடும். குழுக்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். அடுத்த இருபத்தைந்து நிமிடம் ‘தீர்மானி’: ஓய்வுநாள் கட்டளையில் வேலைக்காரனும் வேலைக்காரியும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருப்பதை (உபாகமம் 5:14) வைத்துப் பேசலாம். மீதி நேரம் ‘செயல்படு’. யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று எழுதாமல் கலையாதீர்கள். முதல் செயல் சிறியதாக, குழுவின் சொந்த வீடுகளில் தொடங்குவதாக இருக்கட்டும்.

கேள்வி: காலமான என் தகப்பனார், கடன் வாங்கிய ஒருவரின் நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கியது இப்போது தெரிகிறது. ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, கிளறாதே என்கிறார்கள் வீட்டில்.

பதில்: எண்ணாகமம் 5:6-8 உங்களுக்காகவே எழுதினதுபோல இருக்கிறது. அறிக்கையிடவேண்டும், முதலைத் திருப்பவேண்டும், ஐந்தில் ஒரு பங்கு கூட்டவேண்டும். யாருக்கு அநியாயம் நடந்ததோ அவரிடம் கொடுக்கவேண்டும். வாங்கிக்கொள்ள உறவின் முறையார் ஒருவரும் இல்லையென்றால் மட்டுமே அது ஆசாரியனுக்குப் போகும். சகேயு நாலத்தனையாய்த் திருப்புவதாகச் சொன்னது (லூக்கா 19:8), திருடிய ஆட்டுக்கு நான்கு ஆடு என்ற பழைய சட்ட (யாத்திராகமம் 22:1) அளவு. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறது மத்தேயு 5:23-24.

நாடுகளே இதில் தடுமாறியிருக்கின்றன. பேராயர் டுட்டு தலைமையிலான தென்னாப்பிரிக்க உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையத்திடம் 7,112 பேர் பொதுமன்னிப்புக் கேட்டார்கள். உண்மையை முழுதாகச் சொல்வது நிபந்தனை. 849 பேருக்குக் கிடைத்தது. மன்னிப்பு கையோடு செல்லுபடியானது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு ஆண்டு தொடர் உதவி என்று ஆணையம் பரிந்துரைத்தது, 2003இல் ஒரே தடவையாக 30,000 ராண்ட் என்று சுருங்கியது. மன்னிப்பு முந்தி, பாக்கி பிந்தினால் இப்படித்தான் ஆகும்.

பத்திரத்தையும் கடன் சீட்டையும் தேடியெடுத்து, அப்போதைய உண்மையான கடன் எவ்வளவு, நிலத்தின் மதிப்பு எவ்வளவு என்று ஒரு வழக்கறிஞரை வைத்துக் கணக்கிடுங்கள். நிலம் கையில் இருந்தால் நிலமே திரும்பவேண்டும். விற்றுவிட்டிருந்தால் இன்றைய மதிப்பு. இத்தனை ஆண்டு அனுபவித்த விளைச்சலோ வாடகையோ தனிக் கணக்கு, ஐந்தில் ஒரு பங்கு அதற்கு மேல். அவருடைய வாரிசுகள் எல்லாரையும் கண்டுபிடியுங்கள். ஒரு மகனிடம் மட்டும் கொடுத்துவிட்டு மகள்களை விட்டால் புதிய அநியாயம் தொடங்கும். உடன்பிறந்தோர் சம்மதிக்காவிட்டால் உங்கள் பங்கை மட்டுமாவது நீங்கள் திருப்பலாம், அதற்கு அவர்கள் கையெழுத்து வேண்டாம். பதிவு செய்யும்போது ‘தானம்’ என்ற வகையில் பத்திரம் எழுதுவது செலவுக்கு எளிது என்று யாராவது சொல்லலாம். சட்டத்துக்கு எந்த வகை வேண்டுமோ அதில் எழுதுங்கள். ஆனால் இது ஏன் திரும்புகிறது என்று ஒரு வரி அந்தக் குடும்பத்துக்குக் கடிதமாகத் தனியே போகட்டும். அவர்கள் உங்களை மன்னிக்கவேண்டும் என்ற நிபந்தனையோ, சபைக்கு வந்து சாட்சி சொல்லவேண்டும் என்ற வேண்டுகோளோ அந்தக் கடிதத்தில் இருக்கவேண்டாம்.